காற்றை எடுத்த பரணி

எங்கள் மசாலாக் கடையின் மேல்தட்டில் இருந்த கண்ணாடி ஜாடி, அந்தப் பரணி, இல்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. கீழ்த்தட்டைப் பார்த்தேன். மகளுக்குக் கொடுப்பதற்காக நான் கழுவித் துடைத்து வைத்திருந்த இன்னொரு கண்ணாடிப் பரணி அங்கே அப்படியே இருந்தது.

"மேல இருந்த பரணி எங்கங்க?"

கணவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதத்தான் காலைல பிள்ளைட்ட குடுத்தேன்."

"நான் கீழ உள்ளதத்தானே குடுக்கச் சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதானே. இதுல பிள்ளையார் இருக்காரு. நல்ல காரியத்துக்குப் போவுதேன்னு இதக் குடுத்தேன். அதுக்கு ஏன் இப்படி முழிக்கே?"

பிள்ளையார் படத்தை ஒட்டியது நான். போன மழைக்காலத்தில் கணவர் சரக்கெடுக்கப் போடிக்குப் போயிருந்தபோது, அந்தப் பரணியைத் தூக்கி வைக்கையில் தராசின் இரும்பு முனையில் இடித்துவிட்டேன். உடையவில்லை. பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் ஓடி நின்றது. திருவனந்தபுரத்தில் எங்கள் கடை இருக்கும் ஆரியசாலையில் விரிசல் விட்ட பாத்திரத்தைக் கடையில் வைக்கமாட்டார்கள், ஆகாது என்பார்கள். தூக்கிப் போடவும் மனம் வராது. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய அந்தக் கனத்தில் கண்ணாடி இப்போது கிடைப்பதில்லை. அதனால் இங்கே எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். உள்ளும் புறமும் பசையைப் பூசிக் காயவைத்து, அதன்மேல் பழவங்காடி கோயில் வாசலில் வாங்கிய பிள்ளையார் படத்தை ஒட்டி, ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். எங்கள் தெருவில் எந்தக் கடையிலும் ஓரிரு பரணியில் சாமி படம் இருக்கும். எதற்கு என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். சாமி படத்தை யாரும் சுரண்டிப் பார்ப்பதில்லை. பிறகு அந்தப் பரணியில் பிரிஞ்சி இலையை மட்டும் போட்டு மேலே ஏற்றிவிட்டேன். இலைக்கு என்ன எடை இருக்கிறது.

அந்தப் பரணியிலிருந்துதான் இப்போது என் மகள் காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறாள். எல்லாம் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. டிவியில் ஏதோ ஒரு ராக்கெட் மேலே போவதைக் காட்டினார்கள். இந்த ஊரில் அது புதிதல்ல. எங்கள் வாடிக்கையாளர்களிலேயே ராக்கெட் வேலை பார்க்கிறவர்கள் உண்டு, மற்றவர்களைப் போலத்தான் மிளகுக்குப் பேரம் பேசுவார்கள். கணவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். "மேல போனா காத்தே கெடையாதுங்காங்க. பின்ன எதப் பிடிச்சுத் தள்ளிட்டு அது முன்னால போவும்?"

"எதையும் பிடிச்சுத் தள்ளாது அப்பா. கடையில மூட்டை கொண்டு போற சக்கர வண்டி இருக்கு அல்லே, அதுல ஏறி நில்லுங்க. ஒரு மூட்டையத் தூக்கி முன்னால வீசுங்க. என்ன ஆவும்?"

"இடுப்பு பிடிக்கும்."

"கஷ்டம்! வண்டி பின்னால போவும் அப்பா. மூட்டை போயி செவுத்துல இடிச்ச பெறகா போவும்? கைய விட்டுக் கெளம்பும்போதே நீங்க பின்னால போயாச்சு. செவுரே வேண்டாம், காத்தும் வேண்டாம்."

"அப்ப ராக்கெட்டு மூட்டைய வீசுதோ?"

"எரிஞ்ச வாயுவ வீசுது. மூட்டைய விட எத்தனையோ மடங்கு வேகமா."

அவர் விடவில்லை. அவளும் விடவில்லை. தண்ணீர்க் குப்பியைக் கவிழ்த்துக் காட்டினாள். மூடிய குப்பிக்குள் அழுத்தமான வாயு இருந்தால் எல்லாச் சுவரையும் ஒரேபோல அழுத்தும், குப்பி எங்கும் போகாது. ஒரு பக்கம் வாயைத் திறந்துவிட்டால் அந்தப் பக்கம் அழுத்துவதற்குச் சுவர் இல்லை. எதிர்ச்சுவரில் விழும் அழுத்தம் ஈடு இல்லாமல் நிற்கிறது. குப்பியை முன்னே கொண்டு போவது அதுதான். வாயில் ஒரு கூம்பை வைத்தால், வாயு அதற்குள் விரிந்துகொண்டே இன்னும் வேகம் பிடித்து வெளியேறும், கூம்பின் சுவரையும் அழுத்திவிட்டுப் போகும். வெளியே காற்று இருந்தால் அது எதிரே நின்று கொஞ்சம் தடுக்கும். காற்றே இல்லாவிட்டால் அந்தத் தடையும் இல்லை.

"அப்ப காத்து இல்லேன்னாத்தான் நல்லாப் போவும்கா?" கணவர் என்னைப் பார்த்தார். "உன் பிள்ள என்னைய முட்டாளாக்குதா பாரு. போ மக்கா, காட்டு. கண்ணால பாத்தா ஒத்துக்கிடுதேன்."

காட்டுகிறேன் என்றுதான் கிளம்பினாள். கல்லூரிக் கண்காட்சிக்கும் அதையே வைப்பதென்று அவளும் அவளுடைய சிநேகிதியும் முடிவுசெய்தார்கள். சோடா போடும் வாயு அடைத்த சின்ன எஃகுக் குப்பி ஒன்று, அதன் வாயில் பித்தளையில் கடைந்த கூம்பு. அதை ஊஞ்சல் போல மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு, மேலே பரணியைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து எடுத்துவிட வேண்டும். சுவிட்சைத் தட்டினால் குப்பி திறக்கும். ஊஞ்சல் எதிர்ப்பக்கம் போனால் அவள் சொன்னது சரி.

நானும் ஒரு காலத்தில் இயற்பியல் பட்டப்படிப்பு படித்தவள்தான். முடித்துவிட்டு மிளகு நிறுக்க வந்தேன். ஆனாலும் சில கணக்குகள் போகவில்லை. நம்மைச் சுற்றி இருக்கும் காற்று எல்லாவற்றையும் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. உள்ளேயும் அதே காற்று இருப்பதால் தெரிவதில்லை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஏறக்குறைய இரண்டு மூட்டை அரிசியின் எடை கண்ணாடிமேல் உட்காரும். சுற்றிலும், எல்லா இடத்திலும். விரிசல் இல்லாத கனத்த வட்டக் கண்ணாடியே அதைத் தாங்குமா என்று நான் கேட்டிருந்தேன். "தாங்கும் அம்மா, வெளிச்சத்துல பிடிச்சு அங்குலம் அங்குலமாப் பாத்துட்டுத்தான் செய்வோம்" என்றாள். நான் நம்பினேன். நல்ல பரணியை நானே எடுத்து வைத்தேன்.

கண்ணாடி வெளியே வெடிப்பதில்லை. முதலில் உள்ளே நொறுங்கும். நொறுங்கிய வேகத்தில் துண்டுகள் எதிர்ப்பக்கம் பாய்ந்து வெளியே வரும். எதிரே இருப்பது அவளுடைய முகம்.

அவளுக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச்டு ஆஃப் என்று மலையாளத்தில் ஒரு பெண் சொன்னாள். சிநேகிதியின் எண்ணுக்கும் அதே பெண். அப்போதுதான் காலையில் மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு போனையும் பிளைட் மோடில் போட்டு இரண்டு பக்கமிருந்தும் வீடியோ எடுக்கப் போகிறார்கள், நடுவில் யாரும் கூப்பிட்டுக் கெடுக்கக் கூடாதென்று.

"என்ன ஆச்சுன்னு சொல்லேன்" என்றார் கணவர்.

"அந்தப் படத்துக்கு அடியில கீறல் இருக்கு."

அவர் கையிலிருந்த ஏலக்காய் சாக்குமேலேயே சிதறியது. நானும் வருகிறேன் என்றார். "நீங்க போன் பண்ணிக்கிட்டே இருங்க, எடுத்தா விட்டுட்டு வெளிய ஓடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

சிநேகிதியின் வீடு பூஜப்புரையில். கார் ஷெட்டில்தான் எல்லாம் வைத்திருந்தார்கள். கிள்ளிப்பாலம் சிக்னலில் வண்டிகள் நகரவில்லை. என் முன்னால் ஒரு பஸ், இடப்பக்கம் இரும்புக் கம்பி ஏற்றிய ஆட்டோ. நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன். ஆட்டோக்காரர் திரும்பி, "எந்தா சேச்சி, பறக்கணோ?" என்றார். பம்பு எத்தனை நேரம் ஓட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாளா? சொல்லியிருந்தாள். என் தலையில் நிற்கவில்லை. பசை தாங்கும் என்று ஒரு நினைப்பு, தாங்காது என்று ஒரு நினைப்பு. நான் பசை பூசியது உள்ளிருந்து இலை உதிராமல் இருக்க. வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக அழுத்துவதற்கு அல்ல. ஜகதி தாண்டும்போது ஒரு ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் திரும்பி, நடைபாதைக் கல்லில் சக்கரத்தை ஏற்றிவிட்டேன். விழவில்லை.

அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பம்பு சத்தம் கேட்கவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். முடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஷெட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றேன்.

மேசைமேல் கவிழ்த்த பரணி. பிள்ளையார் பின்சுவரைப் பார்த்திருந்தார். பரணியின் முன்னால் முழங்காலிட்டு, கண்ணாடியில் மூக்கு படும் தூரத்தில் குனிந்து, என் மகள் உள்ளே தொங்கும் ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மக்கா, பின்னால வா. எந்திரிச்சு மெதுவா பின்னால வா."

"அம்மாவா? ஷ்ஷ். வீடியோ ஓடுது."

நான் போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். சிநேகிதி கையில் இருந்த ஸ்கேலோடு ஓடிவந்தாள். "அய்யோ ஆன்ட்டி, எந்தா பற்றியே, என்ன ஆச்சு?"

"பரணியில கீறல் இருக்கு. படத்துக்கு அடியில. ரெண்டு பேரும் வெளிய வாங்க."

மகள் என் முகத்தையும் பரணியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிநேகிதியிடம் மெல்லிய குரலில் சொன்னாள். "நீ அப்பவே சொன்னதல்லே, படத்தக் கிழிச்சுப் பாக்கலாம்னு. நான்தான் சாமி படம்னு விட்டேன்."

அவர்கள் கார் அன்று ஷெட்டுக்கு வெளியே நின்றது. அதன் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தோம்.

"பம்பத்தான் நிறுத்தியாச்சே" என்றேன். "இப்ப தானா சரியாயிராதா?"

"ஆவாது அம்மா. பம்பு ஓடினா மேசை அதிரும், ஊஞ்சல் தானா ஆடும். அதனால வால்வ மூடிட்டுப் பம்ப நிறுத்தினோம். உள்ள ஒண்ணும் கெடையாது இப்ப. அழுத்த மீட்டர் முள் கடைசில நிக்குது. லீக்கும் இல்ல. நாளைக்கு வரைக்கும் அப்படியே நிக்கும்."

பரணி அமைதியாக இருந்ததற்கு அதுதான் காரணம். அழுத்தம் முழுவதும் அதன்மேல் இருந்தது. அதை இறக்க வால்வைத் திறக்க வேண்டும், வால்வு பரணி உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டிலேயே இருந்தது.

"நான் போயித் தொறந்துட்டு வாரேன்" என்று எழுந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அடுத்த நாள் அங்கே என் விரல் தடம் கன்றியிருந்தது.

"விடு அம்மா. வேற வழி என்ன இருக்கு?"

சிநேகிதிதான் தயங்கிச் சொன்னாள். "எடீ, நம்ம ராக்கெட்ட அடிச்சா? கேஸ் முழுக்க உள்ள தானே போவும்?"

மகள் ஒரு நிமிடம் யோசித்தாள். வாய் முணுமுணுத்தது, கணக்குப் போடுகிறாள். "போவும். பாதி அழுத்தம் வரைக்கும் உள்ள நெறையும். அப்ப வெளிய உள்ள பாரம் பாதியாக் கொறையும்." பிறகு என்னைப் பார்த்தாள். "கீறல் சரியா எங்க இருக்கு அம்மா? படத்துக்கு நேரா தானே? கூம்பு இடப்பக்கம் பாக்குது. வாயு போயி அடிக்கிறது இடப்பக்கக் கண்ணாடி. கீறல் அங்க வரைக்கும் ஓடியிருந்தா…"

"படத்துக்குள்ளதான். படத்த விட்டு வெளிய வரல." சொல்லும்போது எனக்கே நிச்சயமில்லை. நான் ஒட்டியபோது வரவில்லை. மேலிருந்து இறக்கி, ஆட்டோவில் குலுங்கி, இங்கே கவிழ்ந்து, இத்தனை பாரத்தைத் தாங்கிய பிறகு எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

சுவிட்ச் மேசைமேல் இருந்தது. அதன் ஒயர் சுருட்டி வைத்திருந்ததால் கார் வரை வரும் என்றார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "என் தலையிலதான் ஹெல்மெட் இருக்கு. நான் போறேன்" என்றேன். அவள் ஏதோ சொல்வதற்குள் தரையோடு தவழ்ந்து மேசைக்கு அடியில் போய், கையை மட்டும் மேலே நீட்டித் தடவி, சுவிட்சுப் பெட்டியை எடுத்தேன். ஒயர் மேசை விளிம்பில் உரசும் ஒவ்வொரு உரசலும் என் பல்லில் தெரிந்தது. தலைக்கு மேலே ஒரு பலகை, அதற்கு மேலே பரணி. திரும்பி வரும் தூரம் போன தூரத்தைவிட நீளமாக இருந்தது.

காருக்குப் பின்னால் அவள் தலையை என் மடியோடு அழுத்திக்கொண்டேன். "அமுக்கு" என்றேன்.

அமுக்கினாள். ஒரு சத்தமும் வரவில்லை.

"வேலை செய்யல" என்றேன்.

"செய்யுது அம்மா. உள்ள காத்து இல்லேல்ல, சத்தம் எப்படி வெளிய வரும்." என் கையை உதறிக் கார்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பரணிக்குள் வெள்ளையாகப் பனிபோல ஏதோ இடப்பக்கம் பீய்ச்சியது. ஊஞ்சல் வலப்பக்கம் ஒதுங்கி, சாய்ந்தபடியே நின்றது. தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் சாய்ந்து நின்றது. பிறகுதான் மெல்லிய சீறல் கேட்கத் தொடங்கியது. உள்ளே வாயு நிறைய நிறையச் சத்தம் வளர்ந்தது. ஊஞ்சல் ஆடி ஆடி நடுவுக்கு வந்தது.

"முள்ளு பாதிக்கு வந்தாச்சு" என்றாள் சிநேகிதி.

மிச்சம் பாதி இருந்தது. உள்ளங்கைக்கு ஒரு மூட்டை. இம்முறை நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. காரின் பின்சீட்டில் கிடந்த தடித்த கால்மிதி விரிப்பை எடுத்து முன்கையில் சுற்றிக்கொண்டு போனேன். அவள் காருக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"பரணியத் தொடாத. தட்டுக்குக் கீழ, மஞ்சள் கைப்பிடி. இடது பக்கம் திருப்பு. கொஞ்சூண்டு."

"இடதுன்னா என் இடதா, அதோட இடதா?"

"உன் இடது அம்மா! ஒரேயடியாத் திருப்பிராத, காத்து அடிச்சு ஏறும். பதுக்கே, மெதுவா."

திருப்பினேன். காற்று விசில் போல உள்ளே போகத் தொடங்கியது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பூஜ்யத்தை நோக்கி ஒரு கோடு, இன்னொரு கோடு என்று வந்தது. ஏறக்குறைய வந்து சேர்ந்தபோது பரணிக்குள் டக் என்று ஒரு சத்தம். பின்பக்கத்தில், படத்தின் விளிம்பிலிருந்து மேல்வரை புதிதாக ஒரு கோடு ஓடியிருந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரிய முக்கோணத் துண்டு ஒன்று மெதுவாக உள்பக்கம் சாய்ந்து, இரும்புத் தட்டில் விழுந்து இரண்டாக உடைந்தது. அவ்வளவுதான். பாரம் இறங்கிவிட்டிருந்ததால் அதற்குப் பாயும் வேகம் இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து சிநேகிதியின் அம்மா டீத் தட்டோடு வந்தார். கையில் சுற்றிய விரிப்பும் தவழ்ந்த அழுக்குமாக நின்ற என்னைப் பார்த்துவிட்டு, "எந்தாயி, ராக்கெட் போயோ?" என்று கேட்டார். மகள் உள்ளே வந்து, விழுந்த துண்டைப் பார்த்து நின்றாள். வலது கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"நீ வாரதுக்கு முன்னால கம்பி நேரா தொங்குதான்னு பாக்கக் கன்னத்த இங்க ஒட்டி வச்சுப் பாத்துட்டிருந்தேன் அம்மா. பின்பக்கமா நின்னு. படத்துக்குப் பக்கத்துல."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு நடுக்கம் வந்தது. பல் தட்டியது. எனக்கு நடுக்கம் வந்தது அதற்கு மறுநாள், கடையில், ஒரு வாடிக்கையாளர் மேசைமேல் சில்வர் டம்ளரை வைத்த சத்தத்தில். இன்னும் முழுதாகப் போகவில்லை.

கணவர் தெருவில் மற்றக் கடைகளின் பரணிகளில் ஒட்டிய சாமி படங்களைப் பார்த்தால் நின்று பார்க்கிறார். வீடியோவை அவள் காட்டினாள். ஊஞ்சல் சாய்வதை இரண்டு தரம் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "போவுதுதான்" என்றார்.

கண்காட்சிக்கு அவள் மறுபடியும் செய்ய வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல இரண்டு நாள் வாயைத் திறந்து திறந்து மூடினேன். கல்லூரி ஆசிரியர் ஒருவர் எஃகுக் கலம் ஒன்றும், கனத்த அக்ரிலிக் மூடியும் ஏற்பாடு செய்து தந்தார். முன்னால் ஒரு தடுப்புப் பலகையும் வைத்தார்கள். முதல் தடவை காற்றை எடுக்கும்போது என்னை வரச் சொன்னாள்.

போனேன். மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். விளிம்பைத் தடவினேன், அடிப்பக்கத்தைத் தடவினேன், ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் உரித்து அதன் அடியையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கலத்தின் மேல் மூடியைப் பொருத்தினார்கள். என் கை அதன்மேலேயே இருந்தது.

"அம்மா, கைய எடு. பம்பு போடணும்."

எடுக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு எடுத்தேன். தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம், அவளுக்கு அடுத்து வந்து நின்றேன்.